செவிலியர்: வளர்த்தவள் பெயரும் பக்கத்தில் நிற்பவர் வேலையும்

நர்ஸ் என்ற சொல்லுக்கு முதலில் நோயோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாலூட்டு, ஊட்டி வளர் என்று பொருள்படும் ‘நூட்ரீரே’ என்ற லத்தீன் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அங்கேயும் பிறர் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணைத்தான் குறித்தது. நோயாளியைக் கவனிப்பவர் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் வந்து சேர்ந்தது.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் புழங்கும் ‘தாதி’யும் இதே வழியில் வந்ததுதான். வடமொழித் ‘தாத்ரி’ என்றால் பால்கொடுத்து வளர்ப்பவள். பழைய தமிழில் தாதிக்குப் பணிப்பெண் என்ற பொருளும் இருப்பதால் தமிழ்நாட்டில் சிலருக்கு அது சற்றுத் தாழ்வாகப் படலாம். ‘தாதிய உத்தியோகத்தர்’ என்று பதவிப் பெயராகவே எழுதும் இலங்கையில் அந்த உறுத்தல் கிடையாது.

தமிழ்நாட்டில் நிலைத்த சொல் ‘செவிலியர்’. இதன் வேர் அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. “தாய் எனப்படுவோள் செவிலி ஆகும்” என்கிறது தொல்காப்பியம். தலைவியின் மறைவான செய்திகளைப் பேசும் உரிமை அவளுக்கு இருந்ததால், தாய் என்ற பெயரே அவளுக்குப் போய்விட்டது. வள்ளுவரும் அருளைக் குழந்தையாக்கி, அதை வளர்க்கும் பொருளை, அதாவது செல்வத்தை, “செல்வச் செவிலி” என்கிறார் (குறள் 757). ஐவகைத் தாயரைச் சொல்லும் பழைய பட்டியலில் முலைத்தாய் வேறு, செவிலித்தாய் வேறு. ஆக நர்ஸும் தாதியும் பாலில் தொடங்கிய சொற்கள். செவிலி வளர்ப்பில் தொடங்கிய சொல்.

சரி, குழந்தை வளர்ப்பவளின் பெயர் இது. நோயாளி அருகில் இருப்பவருக்குத் தமிழில் தனிச்சொல்லே இல்லையா? இருந்தது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950): “உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.” நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம். உழை என்றால் பக்கம். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இதே நால்வகையைச் சொல்கிறது. அங்கே இவர் பெயர் ‘உபஸ்தாதா’, அருகில் நிற்பவர். உழைச்செல்வானுக்குக் குறள் உரையாசிரியர் பரிமேலழகர் கேட்கும் தகுதிகள் நான்கு: நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. இன்றைய நேர்முகத் தேர்வுக்கும் இது போதும்.

அந்த ‘உழை’ என்ன வேலை செய்கிறது என்று முதியோர் படுக்கையருகே நின்றால் தெரியும். தானாகப் புரள முடியாத ஒருவரைச் செவிலியர் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார். குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் பார்க்கிறார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கிறார். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் கொஞ்சம் நிம்மதி. வெளுக்காமல் அப்படியே சிவந்து கிடந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே அந்த இடத்தில் பாரம் விழாதபடி படுக்க வைத்து, குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஷிப்டுக்கு வருபவரிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டுத்தான் போவார். மருத்துவர் வந்து பார்க்கும் சில நிமிடங்களில் குதிகால் கண்ணில் படாமலே போகலாம்.

மருத்துவமனையில் இந்த உறவு சில நாள். முதியோர் இல்லத்தில் ஆண்டுக்கணக்கு. நேற்றுவரை பேரன் பேத்தி பெயரெல்லாம் சொன்ன பாட்டி இன்று மாலை திடீரென்று குழம்பிப் பேசினால், “வயசாயிடுச்சு” என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். இது அவருடைய வழக்கம் இல்லை என்று தெரிந்த செவிலியர் காய்ச்சல் பார்ப்பார், தண்ணீர் குடித்தாரா என்று கேட்பார், சிறுநீர்த் தொற்றோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்குமோ என்று மருத்துவரிடம் சொல்வார். ஆளை ஏற்கெனவே அறிந்திருப்பதே இங்கே பாதி வேலை. வளர்த்தவளைக் குறித்த சொல் கடைசியில் இங்கே பொருந்திவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம், எழுதும்போது கவனிக்க வேண்டிய சில. ‘செவிலி’ பெண்ணை மட்டுமே குறிக்கும். ‘செவிலியர்’ இருபாலருக்கும் பொது. ஆணைச் ‘செவிலியன்’ என்று வலிந்து எழுதத் தேவையில்லை. துறையின் பெயர் செவிலியம். குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் வீட்டுக்கு வருபவர் பராமரிப்பாளர். பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர்தான் செவிலியர். இரண்டையும் குழப்பினால் யார் ஊசி போடலாம் என்பதிலேயே தகராறு வரும். ‘நர்சிங் ஹோம்’ பல நாடுகளில் முதியோர் பராமரிப்பு இல்லத்தையும், இந்தியாவில் சிறு தனியார் மருத்துவமனையையும் குறிக்கும். மொழிபெயர்ப்பவர் எந்த நாட்டுச் செய்தி என்று பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. ‘சிஸ்டர்’ கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைக் கவனித்த காலத்தின் மிச்சம். கூப்பிடுவதற்கு அது போதும், எழுத்தில் வேண்டாம். உழைச்செல்வானை மீட்டு வழக்குக்குக் கொண்டுவரலாமா என்றால், வேண்டாம் என்பேன். வார்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?