ஊதியப் பாகுபாடா, ஊதிய வேறுபாடா?

இங்கிலீஷ்ல ஜெண்டர் பே கேப்னு, அதாவது ஆண் பெண் சம்பளத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசம்னு வந்தா போதும், தமிழ்ல உடனே "ஊதியப் பாகுபாடு"ன்னு போட்டுடுறாங்க. நியூஸ்லயும் அதான், பரீட்சை கைடுலயும் அதான். படிச்சுப் படிச்சு சலிச்சுப் போச்சு.

சொல் பிறப்ப சட்டுனு முடிச்சுடுறேன். பாகுபாடுக்கு வேர் பகு, பிரிக்கிறதுன்னு பொருள், இன்னைக்கு ஓரவஞ்சனைக்குத்தான் அதிகமா சொல்றோம். ஊதியம் குறள்ல லாபம்ங்கற பொருள்ல வருது, "ஊதியம் இல்லை உயிர்க்கு"ன்னு. சம்பளம்ங்கறது பின்னாடி ஒட்டிக்கிட்ட அர்த்தம்.

இப்ப சண்டைக்கு வரேன். பாகுபாடுன்னா யாரோ செய்யற காரியம், கேஸ் போடலாம். பே கேப் வெறும் கணக்கு. ஆம்பளைங்களோட மணிக்கணக்கு சம்பளத்துக்கு ஒரு சராசரி, பொம்பளைங்களுக்கு ஒரு சராசரி, நடுவுல இருக்கற வித்தியாசம் ஆண் சம்பளத்துல எத்தனை சதவீதம்னு பாக்கறது, அவ்ளோதான். பிரிட்டன்ல ரெண்டுக்கும் தனித்தனி விதி. லண்டன் டேகன்ஹாம்ல இருந்த ஃபோர்டு கார் ஃபேக்டரில கார் சீட் கவர் தைக்கிற பெண்கள் 1968ல ஸ்ட்ரைக் பண்ணாங்க, 1970ல சம ஊதியச் சட்டம் வந்துச்சு. அது பாகுபாட்டுக்கு எதிரான சட்டம். 2017ல வந்த விதி வேற, 250 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற கம்பெனிங்க இந்த வேறுபாட்டு கணக்க வருஷா வருஷம் வெளியிடணும். இதப்போய் "பாகுபாட்டை வெளியிட வேண்டும்"னு எழுதினா கம்பெனியே வாக்குமூலம் குடுக்கற மாதிரி இல்ல? ஈஸிஜெட்ங்கற பிரிட்டிஷ் விமான கம்பெனி முதல் கணக்கு விட்டப்ப சராசரி வேறுபாடு 50 சதவீதத்துக்கும் மேல. ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம் குடுத்ததால இல்ல, பைலட்டுங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஆம்பளைங்க, கேபின் க்ரூல பெண்கள்தான் ஜாஸ்தி. பொம்பளைங்க ஏன் பைலட் ஆகலன்னு கேக்கணும், கேக்கத்தான் வேணும், ஆனா பாகுபாடுன்னு எழுதிட்டா அந்தக் கேள்வியே வராம போயிடுது, முதலாளி கெட்டவன்னு சொல்லிட்டு பக்கத்த திருப்பிடுவோம்.

நம்மூர் வயல்ல ஒரே களையெடுப்புக்கு ஆம்பளை ஆளுக்கு ஒரு கூலி, பொம்பளை ஆளுக்கு கம்மி கூலின்னு குடுத்தா அதான் அசல் பாகுபாடு, 1976 சம ஊதியச் சட்டம் தடுத்தது அதத்தான். நடவு பொம்பளைங்களுக்கு, வரப்பு வெட்டு ஆம்பளைங்களுக்குன்னு பிரிச்சுட்டா "வேலையே வேறப்பா"ன்னு தப்பிச்சுக்கலாம், ஏன்னா சட்டத்துல இருந்தது ஒரே வேலை, இல்லன்னா ஒத்த தன்மையுள்ள வேலை. ஐஎல்ஓங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1951 உடன்படிக்கை, இந்தியா 1958ல ஏத்துக்கிட்டது, சம மதிப்புள்ள வேலைன்னு சொல்லுது. நம்ம மொழிபெயர்ப்பாளருங்க அந்த "மதிப்பு"ங்கற சொல்ல முழுங்கிட்டு "சம வேலைக்கு சம ஊதியம்"னு ரைமிங்கா எழுதிடுறாங்க. நடவு நட்டவங்க அங்கயே அவுட்.

"ஊதிய இடைவெளி" பரவால்ல, தப்பு இல்ல. ஆனா இடைவெளின்னாலே கொரோனா சமயத்துல கடை வாசல்ல போட்ட வட்டந்தான் ஞாபகம் வருது. அதுவும் "இடைவெளியை மூடுதல்"னு எழுதுறாங்க பாருங்க, மூடுறதுக்கு அது என்ன போர்வெல் குழியா? என் ஓட்டு "ஆண்-பெண் ஊதிய வேறுபாடு"க்கு. பேசும்போது சம்பள வித்தியாசம்னே சொல்லுங்க, வித்தியாசம் வடசொல்லுன்னு யாராவது சண்டைக்கு வந்தா வரட்டும், களையெடுக்கிற அக்காவுக்குப் புரியும்ல.