சொல் விளக்கம்: கோர்ஸ்

இலத்தீனில் 'குர்ரேரே' என்றால் ஓடுதல், 'குர்சுஸ்' என்றால் ஓட்டம், ஓடும் தடம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆற்றின் போக்குக்கும் கல்லூரிப் படிப்புக்கும் பெயரானது. மருத்துவத்தில் கோர்ஸ் என்பது, குறித்த அளவு மருந்தைக் குறித்த நாள் வரை விடாமல் எடுத்துக்கொள்வது. எத்தனை நாள் என்பது மட்டும் சொல்லுக்குள் இல்லை. அதில்தான் சண்டையே.

இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைப் பாருங்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லிகளான (ஆன்டிபயாடிக்) கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என மூன்றும் சேர்ந்த 7 நாள் கோர்ஸே ஒரு காலத்தில் பல நாடுகளில் போதுமானதாக இருந்தது. கிளாரித்ரோமைசினுக்குக் கிருமி அடங்காமல் போகப் போக 10 நாள், 14 நாள் என்று நீண்டது. இந்தக் கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். எளிதில் விரட்ட முடியாது.

நோயாளிக்கோ வாயில் கசப்பு, வயிற்றுப்போக்கு. வலி குறைந்ததும் ஐந்தாம் நாளே மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடும். நாளைக் குறைக்க முடியுமா என்ற தேடல் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம். அமிலத்தை இன்னும் வலுவாக அடக்கும் வோனோபிரசான் சேர்ந்த கோர்ஸை ஜப்பானில் 7 நாள் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது 14 நாளுக்கு. ஊருக்கு ஊர் கிருமியின் எதிர்ப்புத்திறன் வேறு.

தமிழில் என்ன சொல்லலாம்? சித்த மருத்துவத்தின் 'மண்டலம்' அழகான சொல்தான். ஆனால் பொதுவாக 48 நாள் என்று கணக்கு கட்டிவிட்டதால் இதற்குப் பொருந்தாது. 'தவணை' கடனை நினைவூட்டும். 'கெடு' வேண்டவே வேண்டாம், மருந்தே கெட்டுப்போனதாகத் தோன்றும். 'மருந்துத் தொடர்' என்பதே என் தேர்வு. தொலைக்காட்சித் தொடர் ஞாபகம் வந்தால் வரட்டும், இடையில் விடக்கூடாது என்ற பொருளாவது ஒட்டிக்கொள்ளும். நாள் குறைந்ததைக் 'குறுங்கால மருந்துத் தொடர்' எனலாம்.

எ-டு: மருந்துத் தொடர் முடிந்து 4 வாரமாவது கழித்துத்தான், கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை செய்வார்கள்.