கழிவுக் குட்டை உடைந்து வயலில் சேறு புகுந்தால்: இழப்பீட்டைக் கோட்டைவிடாதீர்கள்

தாதுவைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவு போன்ற கழிவைத் தண்ணீரோடு கலந்து, கரை கட்டித் தேக்கி வைக்கும் இடம்தான் சுரங்கக் கழிவுக் குட்டை. அனல்மின் நிலையச் சாம்பல் குட்டையும் ஏறக்குறைய இதே வகைதான். கரை உடைந்தாலும் குழாய் வெடித்தாலும் முதலில் பாழாவது கீழே இருக்கும் வயலும் கிணறும். இதற்கு இழப்பீடு வாங்கித்தரச் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் என்ற தனி அமைப்பு உண்டு. அதற்கான 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, விபத்து என்றால் நிறுவனத்தின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. குட்டையிலிருந்து வந்தது, அதனால் சேதமானது என்று காட்டினால் போதும். இவ்வளவு இருந்தும் மக்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் சில நாட்களில் எழுதப்பட்ட காகிதங்களே அவர்களைக் கவிழ்த்துவிடுகின்றன.

முதல் கண்ணி, மழை. கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வருவார். கையில் இருப்பது வெள்ளச் சேதப் படிவம். அதில் கையெழுத்துப் போட்டால், 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் சேதமாகியிருந்தால் பேரிடர் நிவாரணம் என்று ஏதோ கொஞ்சம் வரும். பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞர் அதே படிவத்தைக் காட்டி, "இது இயற்கைச் சீற்றம், இவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்" என்பார். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் யுரேனியக் கழிவுக் குழாய் வெடித்தது 2006 டிசம்பர் 25. அதே மாநிலத்தில் முரியில் அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் குட்டை சரிந்தது 2019 ஏப்ரல் 9. மத்தியப் பிரதேசத்தின் சாசனில் சாம்பல் குட்டை உடைந்து ஆறு பேர் இறந்தது 2020 ஏப்ரல் 10. மூன்றும் மழைக்காலத்தில் நடந்தவை அல்ல. ஆகவே "கழிவுக் குட்டையிலிருந்து வந்த சேறு" என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றைக்கே அப்படி எழுதி வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் அதையே மீண்டும் கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது தராத அலுவலகம் என்றால், பதிவு வசதியுடன் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்).

அடுத்தது, நிறுவனம் அனுப்பும் ஜேசிபி. "நாங்களே சுத்தம் செய்து தருகிறோம்" என்று வண்டி வரும்போது நிம்மதியாகத்தான் இருக்கும். அந்தச் சேறுதான் உங்கள் சாட்சி. தண்ணீர் வடிந்ததும் வரப்போரம் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்து நிற்கும். அதில் அளவுகோலை ஊன்றி, எல்லைக் கல்லும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கிணற்று விளிம்பில் படிந்த சேற்றுத் தடத்தையும் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுக்கும்வரை மண்ணைத் தொடக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் ஆய்வக அறிக்கை உதவும். ஆனால் எதிர்த்தரப்பு முதலில் தாக்குவது அதைத்தான். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இனி அலைக்கழிப்பு. வாரியத்துக்குப் போனால் கனிமவளத் துறையைப் பாருங்கள் என்பார்கள். அங்கே போனால் ஆட்சியர் அலுவலகம். ஆட்சியர் அலுவலகத்தில் மறுபடியும் வாரியம். சேறு புகுந்தவன்தான் பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதை முறிக்க ஒரு வழி உண்டு. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் 31ஆம் பிரிவின்படி, இப்படிக் கசிவு நடந்தால் நிறுவனம் உடனே வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தத் தகவல் எந்தத் தேதியில் வந்தது, அதன் நகல் எங்கே, வாரியம் என்ன செய்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "தகவல் எதுவும் வரவில்லை" என்று பதில் வந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகமான ஆவணம்தான்.

குத்தகை விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. "பட்டா உங்கள் பெயரில் இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். போய்விடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் எவரும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். பயிர், கால்நடை, மீன், வேலை இழப்பு எல்லாம் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அடங்கலில் உங்கள் சாகுபடி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து நகல் எடுத்து வையுங்கள். உரம் வாங்கிய ரசீது, பால் சங்க அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு நிறுவனம் கொஞ்சம் பணம் நீட்டும். வாங்குவது குற்றமல்ல. "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோரமாட்டேன்" என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு "இடைக்கால உதவி" என்று எழுதாமல் கையெழுத்திடாதீர்கள். வெற்றுப் பத்திரத்தில் ஒருபோதும் வேண்டாம். வாங்கிய தொகையைத் தீர்ப்பாயத்தில் மறைக்கவும் கூடாது.

தீர்ப்பாயத்தில் போடும் மனுவில் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்; இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். பொதுவான சுற்றுச்சூழல் வழக்குக்கான 14ஆம் பிரிவில் மட்டும் போட்டால் ஆறே மாதம்தான், "காலம் கடந்தது" என்று தள்ளிவிடுவார்கள். கேட்கும் தொகையில் ஒரு விழுக்காடு கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. தமிழ்நாட்டுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பேரழிவில் பாதிக்கப்பட்டவருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். யாரும் தானாக முன்வந்து சொல்லமாட்டார்கள்.

குட்டை இன்னும் உடையாத ஊர்க்காரர்கள் மழைக்கு முன்பே கரையைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடைவெளி குறைவது, கரையின் அடியில் புதிதாக ஈரம் கசிவது, தெளிவாக வந்த கசிவு கலங்கலாக மாறுவது: இவை தெரிந்தால் அன்றே தேதியிட்ட படத்துடன் மனுக் கொடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தரவேண்டிய நிபந்தனை இணக்க அறிக்கை (அனுமதியின் நிபந்தனைகளை எப்படிப் பின்பற்றுகிறது என்று சொல்லும் அறிக்கை) பொது ஆவணம். அதைக் கேட்டு வாங்கி, அதில் கரையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.