பிசி படிக்கவில்லை என்றால் ஃபிளாப்பி செத்துவிட்டதாக அர்த்தமில்லை

மறுபடியும் அதே கேள்வி. "ஆப்பிள் டூ என்ற பழைய கணினிக்கு வந்த, குழந்தைகளுக்கான 'ரீடர் ராபிட்' விளையாட்டு ஃபிளாப்பியைப் பிசி டிரைவில் போட்டேன், 'ஃபார்மட் செய்யவா' என்கிறது. குப்பையில் போடலாமா?" ஐயா, போடாதீர்கள். அந்த 'யெஸ்' பட்டனையும் தொட்டுவிடாதீர்கள்!

இதை வெளியிட்ட 'தி லேர்னிங் கம்பெனி', 1980இல் கலிஃபோர்னியாவில் ஆன் மெக்கார்மிக் தொடங்கியது. அடாரி வீடியோ கேம் கருவிக்கு 'அட்வென்ச்சர்' விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட்டும் லெஸ்லி கிரிம்மும் 1982இல் கொடுத்த 'ராக்கீஸ் பூட்ஸ்' விளையாட்டுதான் அதன் உச்சம் என்பேன். ஆண்ட், ஆர், நாட் எனும் லாஜிக் கேட்களை, அதாவது கணினிச் சுற்றின் அடிப்படைத் துண்டுகளை, திரையில் கம்பியால் இணைத்தால் மின்சாரம் ஆரஞ்சு நிறத்தில் ஓடும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும்.

1995இல் சாஃப்ட்கீ என்ற மென்பொருள் நிறுவனம் சுமார் 60 கோடி டாலருக்கு தி லேர்னிங் கம்பெனியை வளைத்து, அதன் பெயரையும் தானே சூட்டிக்கொண்டது. 1999இல் பொம்மை நிறுவனமான மேட்டல் சுமார் 350 கோடி டாலர் கொட்டி வாங்கியது. அந்த ஆண்டே பெரும் நஷ்டம். 2000 பிப்ரவரியில் மேட்டல் தலைவர் ஜில் பராட் பதவி விலகினார். அதே ஆண்டில் ரொக்கமாக ஒரு டாலர்கூட வாங்காமல் கோர்ஸ் டெக்னாலஜி என்ற நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். இத்தனை கை மாறிய நிறுவனம் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பி உங்கள் வட்டைத் தூக்கி எறியலாமா?

பிசி ஏன் படிக்கவில்லை? வட்டில் தகவலைக் காந்தக் குறிகளாக எழுதப் பல முறைகள் உண்டு. பிசியில் டிரைவை இயக்கும் கன்ட்ரோலருக்கு எம்எஃப்எம் முறைதான் தெரியும். ஆப்பிள் டூ எழுதுவது ஜிசிஆர் முறை. ஒரு பக்கத்தில் 35 டிராக் (வட்டப் பாதை), டிராக்குக்கு 16 செக்டர் (துண்டு), செக்டருக்கு 256 பைட். மொத்தம் 140 கேபி. வட்டில் எல்லாம் அப்படியே இருக்கும், பிசிக்குத்தான் அந்த மொழி புரியாது. புரியாததை எல்லாம் 'காலி' என்று சொல்வது அதன் வழக்கம்.

ஃபைலை மட்டும் காப்பி எடுத்தாலும் பல விளையாட்டுகள் ஓடாது. திருட்டுக் காப்பியைத் தடுக்க, செக்டர் அமைப்பையே வேண்டுமென்று மாற்றி எழுதியிருப்பார்கள். அதனால் ஃபிளாப்பி டிரைவைக் கணினியுடன் இணைக்கும் கிரீஸ்வீசல் அல்லது ஆப்பிள்சாஸ் கருவியால் வட்டின் காந்த மாற்றங்களையே, அதாவது ஃப்ளக்ஸை, அப்படியே பதிவு செய்ய வேண்டும்.

டிரைவில் போடும் முன் உறையின் நீள்துளையை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை, போடவே வேண்டாம். போட்டால் டிரைவின் ஹெட்டில் (வட்டைப் படிக்கும் முனையில்) ஒட்டி அடுத்த வட்டையும் கீறும். ஒவ்வொரு வட்டுக்குப் பிறகும் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடையுங்கள். தவறுதலாக எதுவும் எழுதப்படாமல் இருக்க, உறையின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் டேப் ஒட்டி மூடுங்கள். ஐந்தேகால் அங்குல வட்டில் வெட்டு மூடியிருந்தால்தான் எழுத முடியாது. மூன்றரை அங்குலத்தில் நேர்மாறு: எழுத முடியாமல் தடுக்க, மூலைத் துளை திறந்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்து அழித்தவர்கள் ஏராளம்.

லேபிளில் எதையாவது எழுத வேண்டுமா? தனி ஸ்டிக்கரில் எழுதிய பிறகு ஒட்டுங்கள், தயவுசெய்து. வட்டின் மேலேயே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தாதீர்கள்.