நாலு முறுக்குக்கு ஒரு அதிரசம்

தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டில் பண்டமாற்று நடக்கும். என் தட்டில் 10 முறுக்கு, ஒரே ஒரு அதிரசம். தங்கை தட்டில் அதிரசம் குவிந்திருக்கும். இரண்டாவது அதிரசத்துக்கு 4 முறுக்கு கொடுத்தேன். மூன்றாவதுக்கு 2 முறுக்குதான் தர மனம் வந்தது. நாலாவதுக்கு 1. ஐந்தாவது கேட்டிருந்தால் தட்டை இழுத்துக்கொண்டிருப்பேன்.

முறுக்கைச் செங்குத்து அச்சிலும் அதிரசத்தைக் கிடை அச்சிலும் வைத்து, 10-1, 6-2, 4-3, 3-4 என்ற தட்டுகளைப் புள்ளிகளாக்கி இணைத்துப் பாருங்கள். அதுதான் சமநோக்கு வளைகோடு. இந்த நாலில் எந்தத் தட்டைக் கொடுத்தாலும் எனக்கு ஒன்றுதான். இந்தக் கோட்டின் கருத்தை முன்வைத்தவர் பொருளியலாளர் எட்ஜ்வர்த், 1881இல்.

கோடு சறுக்குமரம் போல முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு படுத்துக்கொள்கிறது. வயிறு இரண்டு அச்சும் சந்திக்கும் மூலையை நோக்கித் தள்ளியிருக்கிறது. காரணம் அந்த 4, 2, 1தான். முறுக்கு குறையக் குறைய அதை விட மனசில்லை. அதிரசம் சேரச் சேரத் திகட்டுகிறது. இந்த மாற்று விகிதத்துக்கு 'இறுதிநிலை பதிலீட்டு வீதம்' என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும்.

இதில் எனக்குப் பிடித்தது, அதிரசம் எத்தனை 'மார்க்' இன்பம் தந்தது என்று யாரும் கேட்பதில்லை. எதற்கு எதைக் கொடுப்பாய் என்பது மட்டும் போதும். 1934இல் ஹிக்ஸ், ஆலன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தேவைக் கோட்பாட்டையே இந்த அடிப்படையில் திருப்பி எழுதினார்கள்.

சரி, எல்லாக் கோடும் இப்படி வளையுமா? 500 ரூபாய் நோட்டுக்கு எப்போதும் ஐந்து 100 ரூபாய்தான். அங்கே கோடு நேராக ஓடும். செருப்பில் இடது கால் ஒன்று இருக்க, வலது கால் பத்து கிடைத்தும் பயனில்லை. கோடு 'ட' மாதிரி மடங்கிவிடும்.

பாலும் எலுமிச்சைச் சாறும் இன்னும் வேடிக்கை. இரண்டும் பிடிக்கும், ஆனால் ஒரே டம்ளரில் ஊற்றினால் திரிந்துவிடும். பாதிப் பாதி கலந்தது தனிப் பாலைவிடவும் தனிச் சாறைவிடவும் மோசம். அப்போது கோட்டின் வயிறு வெளிப்பக்கம் தள்ளும். அப்படிப்பட்டவர் கடைக்குப் போனால் ஒன்று பாலோடு வருவார், இல்லை எலுமிச்சையோடு வருவார், இரண்டையும் சேர்த்து வாங்கமாட்டார்.