வண்டியை எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா, 22 வயது மகளை மனநலச் சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்கு என்னிடம் அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தோழி போனை எடுக்கவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். ரெட்டிச்சாவடி பக்கம் லாரியில் மோதாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

"எல்லாம் வேணும்னே பண்றா மேடம். செல்லம் குடுத்த கொழுப்பு."

மகள் தலை நிமிரவில்லை. தனியாக உட்கார்ந்தபோது, வண்டியை எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"அவ என்ன விட்டுட்டுப் போயிட்டான்னு தோணுச்சு. நெஞ்சுக்குள்ள தீ வச்ச மாதிரி. வேகமா ஓட்டுனப்ப அது நின்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் என்னையே பாக்கப் புடிக்கல."

உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கி, உறவுகளையும் உலுக்கும் மனநலக் கோளாறு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர். அதில் வரும் திடீர்ச் செயல்களை இதைவிடத் தெளிவாக நான் விளக்கிவிட முடியாது. பொறுக்க முடியாத வேதனை, அதை உடனே அணைக்க ஒரு செயல், கொஞ்ச நேர ஆறுதல், பிறகு அவமானம். அந்த அவமானமே அடுத்த வேதனைக்கு விறகு. கண்மண் தெரியாமல் செலவழிப்பது, குடி, அளவில்லாமல் சாப்பிடுவது என்று செயல் மாறலாம். உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஒருமுறை அவசரப்பட்டதை வைத்து யாருக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். இதற்கான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து நீண்டகாலமாக இருக்க வேண்டும். மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறும் பைபோலார் நோயில், மேனியா எனப்படும் அந்த உச்ச நிலையிலும் இப்படிப்பட்ட செயல்கள் உண்டு. ஆனால் அந்த மனநிலை நாள்கணக்கில் நீடிக்கும், தூக்கத்தின் தேவையும் வெகுவாகக் குறைந்துவிடும். இங்கே உறவில் பட்ட ஓர் அடியில் தொடங்கி, பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். பிரித்தறிய மருத்துவர் வேண்டும்.

அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கொதிக்கும் நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள். அப்போது அது காதில் ஏறாது. "உனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு தெரியுதும்மா, பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லுங்கள், சாவியையும் வாங்கி வையுங்கள். வலியை ஏற்பது வேறு, செயலுக்குச் சம்மதிப்பது வேறு. மறுநாள் ஆறிய பிறகு பேசலாம்.

மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது: மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜில்லென்ற தண்ணீரில் முகத்தை அரை நிமிடம் வைப்பது. இதயத் துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்கள் செய்யக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் உள்ள பயிற்சி இது. அவரே இளம் வயதில் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். 2011இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சுவழிச் சிகிச்சைதான் முதுகெலும்பு. பலருக்குச் சில வருடங்களில் அறிகுறிகள் நன்றாகவே குறைகின்றன.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை சறுக்கினாள். போன வாரம் அம்மா போன் செய்தார். தோழியோடு மறுபடி சண்டையாம்; ராத்திரி அவளே வந்து ஸ்கூட்டி சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டாளாம்.