நாலு ரூபாய் மரம், நாற்பது ரூபாய் நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரம், தேவதை, குடிலுக்கு வைக்கும் சின்ன ஆட்டுக்குட்டி என்று மரத்தில் கையால் செய்து விற்கும் சில பட்டறைகளுக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம். விலை எப்படி வைத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மரம் நாலு ரூபாய்தான் சார் ஆகுது. நாப்பதுக்குக் கொடுக்கிறோம். பத்து மடங்கு லாபம்."

அந்தப் பத்து மடங்கில் கூலி எங்கே என்று பார்த்துவிடலாம். கீழே வரும் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மரம். 75 மில்லி அகலப் பூவரசுக் கட்டையை 6 மில்லிப் பலகைகளாகக் கிழித்தால் 12 கிடைக்கும் என்பது மனக்கணக்கு. ஆனால் 3 மில்லி கனமுள்ள ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மில்லி தின்னும். கையில் வருவது 8 பலகைதான், மிச்சம் தரையில் தூளாகக் கிடக்கும். முடிச்சு, வெடிப்பு எல்லாம் கழித்த பிறகுதான் அந்த நாலு ரூபாய். அப்படியும் முழுச் செலவில் மரம் சின்னப் பங்குதான்.

பெரிய பங்கு நேரம். அறுக்க 3 நிமிடம், கம்பி ரம்பத்தில் வடிவம் எடுக்க 5, உப்புத்தாள் போட 7, இரண்டு கோட்டு வண்ணம் அடிக்கவும் நடுவில் லேசாகத் தேய்க்கவும் 5, கயிறு கோத்துப் பெட்டியில் வைக்க 2. ஆக 22 நிமிடம். உப்புத்தாள் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 80-ஆம் நம்பரில் தொடங்கி 120, அப்புறம் 220. நட்சத்திரத்தின் உள்முனைக்குத் தாள் போகாது, மடித்து நகத்தால் அழுத்தித்தான் தேய்க்க வேண்டும். வாங்குபவர் கையில் எடுத்ததும் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இந்த வேலையை வீட்டில் யார் செய்கிறார்கள்? மனைவி, அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள். "வீட்டு ஆளுங்கதானே சார்" என்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது ஒன்றுதான். அவர்கள் கைக்கும் கூலி உண்டு. ஒரு நாள் கூலி 900 ரூபாய், உண்மையாக வேலை ஓடுவது 6 மணி நேரம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 2 ரூபாய் 50 காசு. 22 நிமிடத்துக்கு 55 ரூபாய்.

மரம் 4, வண்ணம் 5, உப்புத்தாள் 2, கயிறும் பெட்டியும் 12, கரண்ட், பிளேடு, மெஷின் தேய்மானம் 4. கூட்டினால் 27. நாற்பதுக்கு விற்றால் மிஞ்சும் 13 ரூபாய்தான் 22 நிமிட உழைப்புக்குக் கூலி, அதாவது மணிக்கு 35 ரூபாய்.

நம் கடற்கரைக்கென்று தனிச் செலவும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையும் கிறிஸ்துமஸ் வேலையும் ஒன்றாக வருகின்றன. ஈரக்காற்றில் வண்ணம் காயாது, காயாததைப் பெட்டியில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே மரத்தைச் சித்திரை, வைகாசியிலேயே வாங்கிக் கிழித்து நிழலில் அடுக்க வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை ஒரே துண்டை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அதற்குள் பணம் முடங்கிக் கிடக்கும். மரம், கிழிக்கும் கூலி, முன்கூட்டி வாங்கும் மற்ற சாமான் என்று 1000 நட்சத்திரத்துக்கு 20,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்) வாங்கினால் 7 மாதத்துக்கு 2,800 ரூபாய் வட்டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3 ரூபாய். இரும்புக் கொக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்து வண்ணத்தில் கறை விடும், பருத்திக் கயிறே போதும்.

பொருள் 27, கூலி 55, வட்டி 3, ஆக இப்போது 85. நூற்றில் பத்து கோணியோ வெடித்தோ கழிந்தால் நல்ல துண்டு ஒன்றின் அடக்கம் 95 ரூபாய்க்குச் சற்று கீழே நிற்கும். 95 என்றே வைத்துக்கொள்வோம்.

கடைக்காரர் 30 சதவீதம் கமிஷன் கேட்கிறார். 95-க்கு 30 சதவீதம் கூட்டி 124 என்று எழுதிவிடுகிறார்கள். கமிஷன் கழிவது விற்பனை விலையில். 124-இல் 37 போனால் கையில் 87. எட்டு ரூபாய் நஷ்டம்! 95-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். 136 வந்தால்தான் அடக்கமாவது தேறும். 150 வைத்தால் 10 ரூபாய் லாபம்.

"மரம் சும்மா கிடைச்சது" என்று பழைய நாட்டுப்படகுப் பலகையை எடுக்கிறவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ஆணி ஒன்று போதும், பிளேடு காலி. பழைய படகுப் பெயின்ட்டில் ஈயமோ செம்போ இருக்கலாம், தேய்க்கும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு அந்தப் பலகை வேண்டவே வேண்டாம். அழகுக்காகப் பவளத் துண்டு, கடல் விசிறி ஒட்டுவது 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையில் ஒதுங்கியதுதானே என்ற சமாதானம் செல்லாது.

பொம்மையில் வருடத்தை எழுதாதீர்கள். விற்காதது அடுத்த டிசம்பருக்கு உதவாது. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் பாம்பன் பாலம், படகு வடிவங்களைச் செய்தால் ராமேஸ்வரம் வருகிறவர்கள் வாங்குவார்கள், மெஷினும் சும்மா கிடக்காது.

யாராவது நேரடியாக 200 உருப்படி, ஒன்று 80 ரூபாய் என்று ஆர்டர் கேட்டால் உடனே தலையாட்டவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். தனிப் பெட்டியை விட்டு ஒரே அட்டைப் பெட்டியில் அடுக்கினால் 10 ரூபாய் குறையும். வண்ணத்துக்குப் பதில் ஒரே ஒரு கோட்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) என்றால் 3 நிமிடம் மிச்சம், அது 7 ரூபாய் 50 காசு. கழிவையும் சேர்த்து அடக்கம் 75-க்கு வந்துவிடும். கூலியில் கை வைக்காமலே 80-க்குக் கொடுக்கலாம். பாதிப் பணம் முன்பணமாக, ஆவணிக்குள் கைக்கு வர வேண்டும் என்று மட்டும் பேசிவிடுங்கள்.